பங்கு ஊசி

அன்று டிஸ்பென்சரியில் இருந்தவர்கள் ஆறு பேர். ஏழுமலை, தேசிங்கு, முனுசாமி, கோவிந்தன் என்று ஒரே வலையைச் சேர்ந்த நான்கு மீனவர்கள். வெளியே பெஞ்சில், காதுவலிக்குச் சொட்டு மருந்து வாங்க வந்த ஒரு அம்மா. உள்ளே கம்பவுண்டராக நான். டாக்டர் இல்லை. அவர் செவ்வாயும் வெள்ளியும்தான் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். அன்று புதன்கிழமை. வருடம் எழுபத்தெட்டு.

பெஞ்சில் இருந்த அம்மாவையும் எதற்குச் சேர்க்கிறேன் என்றால், உள்ளே பேசுவது அவர் காதில் விழுந்துவிடுமோ என்பதுதான் அன்று முழுக்க என் கவலை. வந்தது காதுவலிக்கு என்பதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை. நான் கவலைப்பட்டிருக்க வேண்டியது வேறு ஒன்றுக்கு. அது தெரிய ஐந்து வருடம் ஆனது.

மருந்து கொடுக்கிற வேலைக்கு இப்போது வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1. என் பயம்

ஊர் பழவேற்காடு. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாப்பா இறந்த பிறகு இறால் கம்பெனியில் ஐஸ் உடைத்தேன். பஜாரில் டாக்டர் வாடகைக்கு ஒரு இடம் பிடித்து டிஸ்பென்சரி திறந்தபோது, கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மிக்சர் கலக்க, கட்டுப் போட, கண்ணாடி சிரிஞ்சை வேகவைக்க, கடைசியில் ஊசி போட அவர்தான் கற்றுக்கொடுத்தார். கம்பவுண்டர் பரீட்சை எதுவும் நான் எழுதியதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டுவிடுவார்கள் என்று நான் மட்டும் தினமும் பயந்தேன்.

பயப்படுவது என் சுபாவம். பூட்டிய கதவை இரண்டு முறை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அதோடு வேலையில் சேர்ந்த முதல் வருடமே ஒன்று நடந்தது. காலில் கட்டி வந்த ஒருவருக்கு டாக்டர் பென்சிலின் போட்டார். கையில் டெஸ்ட் போட்டு இருபது நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போட்டார். ஆனாலும் அந்த ஆள் எழுந்து இரண்டு அடி வைத்ததும் வியர்த்துக் கீழே விழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் வேறு ஒரு ஊசி போட்டு, காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து அந்த ஆள் எழுந்து டீ கேட்டார். எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அன்று முதல் பென்சிலின் என்றால் எனக்கு ஒரே ஒரு பயம், அதிகமாகப் போய்விடக் கூடாது. குறைவாகப் போவதிலும் ஆபத்து இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2. நாலு குப்பி

அந்த நான்கு பேரும் வடக்கே ஒரு துறைமுகத்துக்குப் போய் மூன்று மாதம் டிராலரில் வேலை செய்துவிட்டு வந்திருந்தார்கள். வந்த கையோடு நான்கு பேருக்கும் ஒரே தொல்லை. மூத்திரம் போனால் எரிச்சல், சீழ். அவர்கள் அதைச் 'சூடு' என்றார்கள். ஊரில் வெட்டை என்பார்கள். டாக்டர் நோட்டில் கிருமியின் இங்கிலீஷ் பேரைச் சுருக்கி 'ஜி.சி.' என்று மட்டும் எழுதுவார், வேறு யாராவது புரட்டிப் பார்த்தாலும் புரியக் கூடாது என்று.

அதற்கு டாக்டரின் கணக்கு ஆளுக்கு இரண்டு குப்பி பென்சிலின். ஒரே வேளையில், இடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக, கூடவே மாத்திரை. "பாதி போடறது போடாம விடறத விட மோசம் காதர்" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். ஏன் மோசம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பாரோ என்று பயம்.

அலமாரியில் இருந்தது நாலே குப்பி. வெள்ளிக்கிழமை டாக்டர் வரும்போதுதான் இனி வரும். ஏழுமலைதான் அந்த வலைக்குப் பெரியவர். மற்ற மூவரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் குப்பிகளை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"நாலு குப்பி கீது. நாங்க நாலு பேரு. இதுல இன்னா பாய் ரோசனை?"

ஆளுக்கு இரண்டு என்று நான் விளக்கினேன். இன்றைக்கு இரண்டு பேர் போட்டுக்கொள்ளட்டும், மற்ற இரண்டு பேர் வெள்ளிக்கிழமை வரட்டும் என்றேன்.

அது நடக்காது என்றார்கள். மறுநாள் விடியற்காலை அவர்களுக்குப் பாடு. ஏரியில் எந்த இடத்தில் எந்த வலை எந்த நாளில் இறங்கலாம் என்று குப்பத்தார் சீட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் பாடு. மூன்று மாதம் ஊரில் இல்லாதவர்களுக்கு அப்போதுதான் முறை வந்திருக்கிறது. அதை விட்டால் மறுபடி எப்போது என்று தெரியாது. நான்கு பேரும் இறங்காமல் அந்த வலையை இழுக்க முடியாது; ஊசி போடாத இரண்டு பேர் அந்த எரிச்சலோடு தண்ணீரில் இறங்கவும் முடியாது.

"எந்த ரெண்டு பேருக்கு இன்னிக்கி?" என்று ஏழுமலை கேட்டார்.

முனுசாமி, இதற்கும் சீட்டுப் போட்டுவிடலாம் நைனா என்றான். சீட்டு விழாதவன் வெள்ளிக்கிழமை வரைக்கும் காலை அகட்டி வாத்து மாதிரி நடக்க வேண்டியதுதான் என்று கோவிந்தன் நடந்தே காட்டினான். தேசிங்கு மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஏழுமலை சொன்னார்: "தோ பாரு பாய். காச்சல்ல படுத்துகினு வலைக்கு வராதவனுக்கே நாங்க பங்கு குடுக்கறவங்க. ஒருத்தன் முழுசா தின்னுட்டு ஒருத்தன் வெறுங்கையோட போறது எங்க வலைல கெடயாது. ஆளுக்கு ஒண்ணு குத்து."

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எல்லோரும், மீனவர்கள் கட்டாயப்படுத்தினார்கள், காதர் என்ன செய்வான் என்றார்கள். அப்படி இல்லை. ஆளுக்கு ஒன்று என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பாதி மருந்து என்றால் பாதி ஆபத்து என்று நினைத்தேன். டாக்டர் இல்லாத நாளில் எவனும் என் முன்னால் வியர்த்து விழ மாட்டான். அவர்கள் பங்கு கேட்டார்கள். நான் என் பயத்துக்கு மருந்தளந்தேன்.

நான்கு பேருக்கும் டெஸ்ட் போட்டேன். இருபது நிமிடத்துக்குப் பதிலாக நாற்பது நிமிடம் உட்கார வைத்தேன். பிறகு ஆளுக்கு ஒரு குப்பி. நோட்டில் ஏழுமலைக்கு இரண்டு, தேசிங்குக்கு இரண்டு என்று எழுதினேன். முனுசாமியும் கோவிந்தனும் அன்று வரவே இல்லை என்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை டாக்டர் நோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த வாரம் கோவிந்தன் ஒரு ஓலைக் கூடை நிறைய நண்டு கொண்டுவந்து வைத்தான். எரிச்சல் போய்விட்டது, சீழ் நின்றுவிட்டது, பாய் கை ராசியான கை என்றான்.

3. பேர் பரவியது

பாதி மருந்திலும் குணம் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் பக்கத்தில் ஒரு வலைக்கு நடந்தது அடுத்த வலைக்குத் தெரியாமல் இருக்காது. சீசன் முடிந்து துறைமுகத்திலிருந்து திரும்புகிறவர்கள் கூட்டமாக வந்தார்கள். சுண்ணாம்புக்குளத்திலிருந்துகூட வந்தார்கள். "பங்கு ஊசி போடற பாய் நீதானா?" என்று கேட்பார்கள். டாக்டர் இல்லாத நாளாகப் பார்த்து வருவார்கள். அவர் முன்னால் வேட்டியை அவிழ்க்க வெட்கம். அவர் கேள்வி கேட்பார். நான் கேட்க மாட்டேன்.

குப்பி போதுமான அளவு இருக்கிற நாளிலும் ஆளுக்கு ஒன்றுதான் போட்டேன். பழகிவிட்டது. ஒரு குப்பியை இரண்டு பேருக்குப் பிரித்த நாளும் உண்டு. ஒருவர்கூட விழவில்லை. ஒவ்வொரு நாளும் டிஸ்பென்சரியைச் சாத்தும்போது, இன்று யாரும் விழவில்லை என்று அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனேன்.

டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு அவ்வப்போது கேட்பார், இந்த கேஸ்களுக்கெல்லாம் வீட்டுப் பெண்களையும் கூட்டிவரச் சொன்னாயா என்று. சொன்னேன் சார் என்பேன். முழுப் பொய் இல்லை. சிரிஞ்சைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு, "வீட்லயும் பாத்துக்கோங்க" என்று முணுமுணுப்பேன். அது யார் காதிலும் விழுந்திருக்காது. விழ வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் வெளியில் ஒன்றும் தெரியாது என்பதும், தெரியாமலே உள்ளே இருக்கும் என்பதும் டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கு வழி இல்லை.

4. கேட்காத மருந்து

எண்பத்து மூன்றில், மழைக்காலம் முடிந்த சமயம், தேசிங்கு வந்தான். பழைய தொல்லை. ஒரு குப்பி போட்டேன். நான்காம் நாள் திரும்பி வந்தான். நிற்கவில்லை என்றான். இந்த முறை கணக்குப்படி இரண்டு குப்பியும் போட்டேன், மாத்திரையும் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தான்.

"இன்னா பாய், தண்ணி கலக்கறியா மருந்துல?" என்றான். கேலியாகத்தான் சொன்னான். முகத்தில் சிரிப்பில்லை.

வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். டாக்டர் தன் கையால் முழு டோஸ் போட்டார். அதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் சீழைக் கண்ணாடித் துண்டிலும் ஒரு குழாயிலும் எடுத்து, தானே பட்டணத்து லேபுக்குக் கொண்டுபோனார். பத்து நாள் கழித்து ஒரு காகிதம் வந்தது. டாக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"காதர், இது பென்சிலினுக்குச் சாகிற கிருமி இல்ல. பென்சிலினையே உடைச்சுப் போடுற கிருமி. குப்பி குப்பியா ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல. வேற மருந்துதான் போடணும்" என்றார். தேசிங்கையும் அவன் மனைவியையும் அடுத்த செவ்வாய்க்கிழமை கட்டாயம் வரச் சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காகிதத்தை மேஜை டிராயரில் வைத்தேன். தேசிங்குக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன், டாக்டர் வரச் சொன்னார் என்று மட்டும். ஏன் என்று சொல்லி அனுப்பவில்லை. சொல்லியனுப்புகிற விஷயமா அது? நேரில் போயிருக்கலாம். படகில் ஏறினால் அவர்கள் குப்பத்துக்கு முக்கால் மணி நேரம். போனால் அவன் மனைவி என்ன என்று கேட்பாள், நான் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே இரண்டு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. தேசிங்கு வரவில்லை. டாக்டர் கேட்டபோதெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டேன் சார் என்றேன். அவர்களுக்கு மறுபடி பாடு விழுந்திருந்தது.

கன்னியம்மா அவன் மனைவி. அப்போது அவள் நிறைமாதம். அதுவும் எனக்குத் தெரியும்.

5. பிள்ளையின் கண்

மறுபடியும் ஒரு புதன்கிழமை. டாக்டர் முந்தின நாள் வந்து போய்விட்டார். காலை ஒன்பது மணி இருக்கும். கன்னியம்மா துணியில் சுற்றிய குழந்தையோடு படியேறினாள். கூட ஏழுமலையின் சம்சாரம் பச்சையம்மா. ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண் குழந்தை. நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை என்றார்கள்.

இரண்டு இமையும் வீங்கி, வேகவைத்த கிளிஞ்சல் மாதிரி மூடியிருந்தது. வெந்நீரில் பஞ்சை நனைத்து மெதுவாக விலக்கினேன். மஞ்சளாகச் சீழ் பீச்சி என் கைமேல் அடித்தது. அந்த நிறத்தை நான் ஐந்து வருடமாகப் பார்த்துவந்தவன். எங்கே பார்த்தேன் என்று அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியாது.

தாய்ப்பால் விட்டுப் பார்த்தோம், கேட்கவில்லை என்றார் பச்சையம்மா. "அந்த பங்கு ஊசி மருந்து கீதே, அதுலயே ரெண்டு சொட்டு வுடு பாய். எல்லாத்துக்கும் கேக்குமாமே."

அலமாரியில் பென்சிலின் இருந்தது. என் கை அதன் பக்கம் போய்விட்டது. அப்புறம் டிராயரில் இருந்த காகிதம் ஞாபகம் வந்தது. இந்தப் பிள்ளைக்கு இருப்பது அப்பனிடமிருந்து அம்மாவுக்குப் போய், பிரசவத்தில் இறங்கியது. அப்பனுக்குக் கேட்காத மருந்து பிள்ளைக்கும் கேட்காது. சும்மா சொட்டு விட்டு அனுப்பினால் இரண்டு மூன்று நாளில் கருவிழி ஓட்டையாகிப் போகும். டாக்டர் அப்படி ஒரு கேஸைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

உடனே பட்டணத்துக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். பச்சையம்மா கோபப்பட்டார். பச்சை உடம்புக்காரி, மூணு நாள்கூட ஆகவில்லை, பஸ்ஸில் எப்படிப் போவாள், ஆம்பளைங்க வலைக்குப் போயிருக்காங்க, வரட்டும் என்றார். வரட்டும் என்றால் சாயந்திரம் ஆகும். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், அந்தச் சாயந்திரத்துக்குக் காத்திருக்கவில்லை. டிராயரைத் திறந்து காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன். கொதிக்கவைத்த உப்புத் தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டேன். டிஸ்பென்சரியைப் பூட்டினேன். அன்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் கன்னியம்மா ஜன்னல் ஓரம், பக்கத்தில் பச்சையம்மா. நான் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு கால் மணிக்கு ஒருமுறை பஞ்சை நனைத்துக் கண்ணைக் கழுவினேன். பொன்னேரி தாண்டியதும் அவள் கேட்டாள்.

"இது எங்கேந்து பாய் வந்துச்சி?"

சொல்லாமல் இருக்கலாம். தேசிங்கு என்னை நம்பி வந்தவன். ஆனால் ஆஸ்பத்திரியில் இவள் முன்னாலேயேதான் நான் சொல்லியாக வேண்டும். அங்கே வரிசையில் நிற்கும்போது முதல் தடவையாக அவள் கேட்பதைவிட, இங்கேயே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். நாலு குப்பியைச் சொன்னேன். நோட்டில் பொய்யாக எழுதியதையும் சொன்னேன். காகிதத்தை டிராயரில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சும்மா இருந்ததையும் சொன்னேன்.

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கன்னியம்மா அழவில்லை, திட்டவில்லை. குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள்: "நாலு பேரும் பங்கு போட்டு குத்திகினாங்கன்னு ஊரே சொல்லி சிரிக்கும். நானும் சிரிச்சிகீறேன். நோவுல எனக்கும் பங்கு வந்துச்சி. மருந்துல மட்டும் என் பங்க யார் பாய் எடுத்துகினது?"

புட்டியில் தண்ணீர் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன்.

6. வரிசையில்

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். இமையை விலக்கினார், கழுவச் சொன்னார், நர்சம்மாவிடம் பென்சிலின் என்று ஆரம்பித்தார். அதுதான் வழக்கம். அவர் மேல் தப்பில்லை.

"அம்மா, அது கேக்காதும்மா" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் யார், குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்டார். கம்பவுண்டர் என்றேன். எங்கே படித்தீர்கள் என்று அடுத்துக் கேட்பதற்குள் காகிதத்தை நீட்டினேன். இது குழந்தையுடைய அப்பாவுடையது என்று சொன்னேன். கன்னியம்மா தலையைக் குனியவில்லை. "ஆமாங்க டாக்டர், என் வூட்டுக்காரர்துதான்" என்றாள்.

டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டு எழுந்தே போனார், பெரிய டாக்டரைக் கூப்பிட. குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஒரு புது ஊசியை வெளியில் மருந்துக் கடையில் வாங்கிவரச் சொன்னார்கள். விலை நூற்றுத் தொண்ணூறு ரூபாய். என்னிடமிருந்த பணம் பஸ்ஸுக்கே போய்விட்டது. பச்சையம்மா கம்மலைக் கழற்றினார். அடகுக் கடையைத் தேடி ஓடினேன், மருந்தோடு திரும்பி ஓடிவந்தேன். கன்னியம்மாவுக்கு அங்கேயே வேறு மருந்து கொடுத்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய் என் பங்கு ஊசியைப் பற்றிச் சொன்னேன். போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். இந்தக் கிருமி நான் பாதி பாதியாகப் போட்டதால் வந்ததா என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "துறைமுகத்திலிருந்தே இப்படி வந்திருக்கலாம். வேற ஊர்லயும் வந்துட்டுத்தான் இருக்கு. நீங்க பண்ணதுன்னு சொல்ல முடியாது" என்றார். நான் மூச்சு விட்டேன். அவர் முடிக்கவில்லை. "நீங்க பண்ணலன்னும் சொல்ல முடியாது. பாதி மருந்துல பலவீனமான கிருமி சாகும். பலமானது தங்கும். தங்கினதுதான் அடுத்த ஆளுக்குப் போகும். எரிச்சல் நின்னா நோய் போச்சுன்னு அர்த்தம் இல்ல" என்றார்.

பாதி போடுவது மோசம் என்று எங்கள் டாக்டர் சொன்னதற்கு விளக்கம் அதுதான். கேட்டிருந்தால் அவரே ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

பதினோரு நாள் அங்கே இருந்தார்கள். வலது கண் முழுதாகத் தப்பியது. இடது கண்ணில் ஓரமாகப் பூ விழுந்தது. நடுவில் விழவில்லை. ஒரு நாள் தாமதித்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார் பெரிய டாக்டர். இரண்டு வாரம் முன்னால் அம்மா மருந்து போட்டுக்கொண்டிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. அதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

7. கணக்கு

டாக்டரிடம் நோட்டை எடுத்துவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று டிஸ்பென்சரியில் கிடந்த என் மாற்றுச் சட்டையைக்கூட மடித்துப் பையில் வைத்திருந்தேன். அவர் வெகுநேரம் நோட்டைப் புரட்டினார். பிறகு, "நான் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்துட்டு எல்லாம் சரியா நடக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன் பாரு" என்றார். அதற்குப் பிறகு டாக்டர் இல்லாத நாளில் நான் பென்சிலின் தொடவில்லை. அலமாரிச் சாவியை அவரே வைத்துக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன்.

பெண்கள் வந்தார்கள். அது நான் எதிர்பார்க்காதது. பஸ்ஸில் நான் சொன்னதை எல்லாம் பச்சையம்மா கேட்டிருந்தார் அல்லவா. அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு வீட்டுப் பெண்களும் ஒரே படகில் வந்து இறங்கினார்கள். பின்னால் நான்கு ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். பஜாரே பார்த்தது. பச்சையம்மா டாக்டரிடம், "இந்த வலைல எட்டு பேரு சார். எட்டு பேருக்கும் முழுசா போடு. கொறச்சா நாங்க எழுந்திருக்க மாட்டோம்" என்றார். கோவிந்தன் ஏதோ கேலி பேச வாயெடுத்தான். அவன் மனைவி ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான். அதன் பிறகு மற்ற வலைக்காரர்களும் ஜோடியாகத்தான் வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வந்தவர்களுக்கு முழுசாகப் போட்டோம், புது மருந்து.

கம்மலை மீட்க ஏழுமலை கணக்குப் போட்டார். நூற்றுத் தொண்ணூறு. நான்கு பேராகப் பிரிப்பார் என்று நினைத்தேன். ஐந்தாகப் பிரித்தார்.

"நீயும் அந்த வலைல இருந்த பாய். குப்பிய ஒடச்சது உன் கை. தலைக்கு முப்பத்தெட்டு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. என்னை வலையில் ஒரு ஆளாகச் சேர்த்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சம்பளம் வாங்கிய அன்றே முப்பத்தெட்டு ரூபாயை எடுத்துக்கொண்டு படகேறி கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். தேசிங்கு வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார் பாய் என்று சொல்லிவிட்டு அப்பால் போனான். அவன் என்னை மன்னித்தானா, நான் அவன் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தானா, கடைசிவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கன்னியம்மா பணத்தைக் கையால் தொடவில்லை. இறால் உரிக்கிற கூலியிலிருந்து அந்த ஐந்தாவது பங்கைத் தானே போட்டுவிட்டதாகவும், கம்மல் மீட்டாகிவிட்டது என்றும் சொன்னாள்.

"நீ குடுத்துட்டா உனுக்கு கணக்கு முடிஞ்சிடும் பாய். வூட்டுக்கு போயி நல்லா தூங்கிடுவ. குடுக்காத. கைல வச்சிகினே இரு. அடுத்த தபா எவனாவது ஆளுக்கு பாதி குத்துன்னு கேட்டா, உனுக்கு இது ஞாபகம் வரணும்."

நான் வற்புறுத்தினேன். குழந்தைக்காவது வைத்துக்கொள் தங்கச்சி என்றேன். அவள் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பார்த்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தது. இடது கண்ணின் ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு வெள்ளை.

அதன் பிறகும் நான்கைந்து முறை கொடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் ஸ்லேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். ஸ்லேட்டைக் கன்னியம்மா வாங்கிக்கொண்டாள், அது வேறு கணக்கு என்றாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டே விஷயம்தான். மருந்தைப் பாதியாக்கினால் ஆபத்து பாதியாகிவிடாது. ஒரு வீட்டுக்கு வந்த நோய்க்கு, அந்த வீட்டில் எத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறதோ அத்தனை பேருக்கும் மருந்து போக வேண்டும், கேட்க எவ்வளவு கூச்சமாக இருந்தாலும். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கன்னியம்மாவுக்கு நான் இன்றைக்கும் தர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டு ரூபாய்.